ஏழு சோடி

"தொழிலாளிகளை இப்பப் பதிஞ்சா பழைய பாக்கியைக் கேக்க மாட்டோம். பத்துப் பேர் இருந்தா எல்லாருக்கும் இ.எஸ்.ஐ. வைத்தியம் உண்டு," என்றார், எங்கள் குமாரபாளையம் தறிப்பட்டறைக்கு வந்த காப்பீட்டு அதிகாரி.

"எங்கிட்ட ஏழு சோடிதானுங்க," என்றார் முதலாளி குணசீலன்.

புருசனும் பொண்டாட்டியும் சேர்ந்தால் ஒரு சோடி. பேரும் கூலியும் புருசனுக்கு; கணக்கில் ஏழே ஆள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தறியை நிறுத்தினேன்.

"ஏனுங்க, பதினோரு வருசமா என் தறி தானாவா ஓடுச்சு?"

மற்ற ஆறு பெண்களும் நிறுத்திவிட்டார்கள். முதலாளி தலையைச் சொறிந்துகொண்டே பதினாலு பேரையும் எழுதிக் கொடுத்தார்.

நேற்று இ.எஸ்.ஐ. அட்டைகள் வந்தன. "கண்ணாத்தாள்" என்று முதலாளி என் பேரைக் கூப்பிட்டதும், கூலி வாங்குகிற பழக்கத்தில் என் புருசன் கையை நீட்டினார்.

"உனக்கில்லப்பா," என்றார் முதலாளி. "தொழிலாளி வரட்டும்."