ஸ்டாப்பிங்கில் ஒரு ஆள்

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் ரகுபதி அந்த மஞ்சள் பூக்களை ஒவ்வொன்றாக அடுக்கியபோதுதான், விடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது என்பது பாஞ்சாலிக்கு உறைத்தது. ஐந்து பூக்கள். நீளக் காம்போடு அகலமாக விரிந்தவை. உள்ளே கண்மூடிப் படுத்திருந்த அவள் புருஷன் அண்ணாதுரையின் நெஞ்சுக்கு நேராக அவற்றை வைத்துவிட்டு, சரிந்த ஒன்றை மாலையின் மேல் சாய்த்து நிறுத்தினார் ரகுபதி. இருபது வருஷம் அண்ணாதுரையோடு ஒரே கம்பெனிக்கு பஸ் ஓட்டியவர். கடையில் வாங்கி வந்த மாலை அவருக்குப் போதவில்லை போலிருக்கிறது.

“தோட்டத்துப் பூவும்மா. அவன் வளத்த செடி. அவனோட போவட்டும்னு பறிச்சாந்தேன்” என்றார், துண்டால் முகத்தைத் துடைத்தபடி.

“எல்லாத்தயும் பறிச்சிட்டியாண்ணா?”

“ஒண்ண வுட்டுட்டேன். அதுங்கீழ குட்டியா பிஞ்சு கீது. பிஞ்சு வெச்ச பூவப் போயி யாராச்சும் பறிப்பாங்களா?”

பாவம், நல்லவர். பார்த்துப் பார்த்து, பறிக்கக் கூடாதது எது என்று யோசித்துத்தான் பறித்திருக்கிறார். பிஞ்சோடு இருப்பது பெண் பூ. வெறும் காம்பில் பூப்பதெல்லாம் ஆண் பூ. ஆண் பூவின் பொடி பெண் பூவுக்குள் சேராவிட்டால் அந்தப் பிஞ்சு நாலு நாளில் அழுகி விழுந்துவிடும். இதெல்லாம் ஒரு பஸ் டிரைவருக்கு எப்படித் தெரியும்? அண்ணாதுரைக்கே ஒரு வருஷம் தெரியவில்லை.

ஒரகடத்தில் கொரியாக்காரர்கள் தங்கும் கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் பாஞ்சாலிக்கு வேலை. அறைகளைச் சுத்தம் செய்வாள், சமையலுக்குக் காய் நறுக்குவாள். சமையல் பொறுப்பில் இருந்த கிம் என்ற அம்மாளை அங்கே எல்லோரும் கிம்மம்மா என்பார்கள். நாலு வருஷத்துக்கு முன் அந்த அம்மாள் தன் ஊரிலிருந்து கொண்டுவந்த சுக்கினி என்ற சுரைக்காய் ஜாதிக் காயின் விதையில் ஒரு பொட்டலம் இவளுக்குக் கொடுத்தாள். வடக்குப்பட்டில் வீட்டுக்குப் பின்னால் இருந்த இடத்தில் ஐந்து பெயின்ட் பக்கெட்டில் மண் நிரப்பி அண்ணாதுரை அதைப் போட்டார். பெயர் வாயில் நுழையாததால் ‘கொரியா சொரக்கா’ என்று அவரே பெயரும் வைத்தார்.

செடி என்னவோ தளதளவென்றுதான் வந்தது. பூவும் பூத்தது. ஆனால் பிஞ்சு விரல் நீளம் வந்ததும் நுனி அழுகி விழுந்தது. அண்ணாதுரை வேப்பம் புண்ணாக்கு வைத்தார், புளித்த மோர் ஊற்றினார். கடைசியில் கண் திருஷ்டிதான் என்று முடிவு கட்டி, பழைய பஸ்ஸின் சைடு மிரர் ஒன்றைக் கொண்டுவந்து செடிகளுக்கு நடுவில் கட்டித் தொங்கவிட்டார். அதற்கும் பிஞ்சுகள் மசியவில்லை.

விழுந்த பிஞ்சையும் இரண்டு பூவையும் பாஞ்சாலி கெஸ்ட் ஹவுஸுக்கு எடுத்துப் போய்க் காட்டினாள். கிம்மம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்குக் கொரியா பாஷை தெரியாது. அந்த அம்மாள் ஆண் பூவின் இதழ்களைப் பிய்த்துப் போட்டாள். நடுவில் நின்ற தண்டைப் பிரஷ் மாதிரி பிடித்துப் பெண் பூவுக்குள் விட்டுத் தடவிக் காட்டினாள். பிறகு இரண்டு கையையும் சேர்த்துக் குழந்தையைத் தாலாட்டுவது போல ஆட்டினாள். பாஞ்சாலிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சமையலறையில் இருந்த பையன்கள் எல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அண்ணாதுரை மூன்று நாள் சிரித்தார். சாப்பிடும்போது சிரித்தார், பல் விளக்கும்போது சிரித்தார். “ஏம்மே, ஊரு உலகத்துல இல்லாத வேலயா கீதே இது” என்றார். தேனீ வந்து செய்யும் என்று பார்த்தால், சுற்றிலும் ஷெட்டும் லாரியும்தான். தேனீயைக் கண்டு எத்தனை நாளாயிற்று என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு விஷயத்தைத் தன் வழிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

“பொண்ணு பூவு ஸ்டாப்பிங்ல நிக்கிற ஆளும்மே. காலைல ஒம்போது மணி வரைக்கும்தான் நிக்கும். வண்டி வரலன்னா போய்க்கினே இருக்கும். நம்ம வண்டிய எட்க்கணும், அவ்ளோதான்.”

அதிலிருந்து தினமும் காலையில் டீ கிளாஸோடு பின்பக்கம் போவார். “பாஞ்சாலி, ஸ்டாப்பிங்ல ரெண்டு ஆள் நிக்குது” என்று குரல் வரும். தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள், இவள் ஏதோ கம்பெனி பஸ்ஸுக்குத் தாமதமாகிறாள் என்று நினைத்ததுண்டு. அவர் விரல்களுக்கு நடுக்கம் வந்துவிட்டது. அதனால் பொடி வைப்பது அவள் வேலை. சுனை உள்ள இலைகள் அவள் கையில் கீறாமல் விலக்கிப் பிடிப்பது அவர் வேலை. வேலை முடிந்ததும் “ஏத்தியாச்சா?” என்பார். “ஏத்தியாச்சி” என்பாள்.

வண்டி ஓட்டிய காலத்திலும் அவர் அப்படித்தான். ஒரு ஸ்டாப்பிங்குக்கு ஒரு நிமிஷம் என்று சூப்பர்வைசர் கணக்கு வைத்திருந்தார். தூரத்தில் யாராவது ஓடி வருவது தெரிந்தால் அண்ணாதுரை வண்டியை எடுக்க மாட்டார். வாலாஜாபாத்திலிருந்து ஏறுகிற பெண்பிள்ளைகள் பாதிச் சாப்பாட்டோடு ஓடி வருவார்கள். அதற்காக இரண்டு தடவை மெமோ வாங்கினார். ஆள் நிற்கிறதென்றால் ஏற்ற வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு விளக்கம் சொல்லத் தெரியாது.

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காலைப் பொழுதைப் பார்த்ததில்லை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் நாலு மணிக்கே கிளம்பிவிடுவார். செகண்ட் ஷிஃப்ட் என்றால் அவள் தூங்கிய பிறகு வருவார். ரிட்டையர் ஆன பிறகு, இந்த ஐந்து பக்கெட் புண்ணியத்தில், தினம் அரை மணி நேரம் கிடைத்தது. காயின் ருசி அவருக்குப் பிடிக்கவே இல்லை. “வெறும் தண்ணி” என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பார். ஆனாலும் அடுத்த வருஷம் முதல் ஆளாக விதை போடுவார். அவர் எதற்காகப் போட்டார் என்று அவளுக்குத் தெரியும், அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

கிம்மம்மா போன வருஷமே ஊருக்குப் போய்விட்டாள். பொட்டலத்தில் மிச்சமிருந்த விதைகளை எல்லாம் இந்தத் தடவை போட்டாயிற்று. இலையெல்லாம் வெள்ளைப் பூஞ்சை படர்ந்து நாலு செடி போய்விட்டது. மிஞ்சிய ஒன்றில் ஆண் பூவாகவே பூத்துக்கொண்டிருந்தது. முந்தாநாள் சாயங்காலம் அதில் ஒரு பெண் மொட்டைப் பார்த்துவிட்டு அண்ணாதுரை அடுப்படிக்கு வந்தார்.

“நாள மறுநா காலைல ஸ்டாப்பிங்ல ஆள் நிக்கும்மே. இத முத்த வுட்டு வெதைக்கு எட்க்கணும். இத வுட்டா வேற கெடயாது. வேலைக்கு ஓடற அவசரத்துல இது ஆவாது, நீ அன்னிக்கு அரை நாள் லீவு போடு, என் கைய நம்ப முடியல.”

அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். “பாக்கலாம்” என்றாள்.

மறுநாள் காலை மாத்திரை அசதியில் அவர் தூங்க, எழுப்பாமல் வேலைக்குப் போனாள். பதினொரு மணிக்கு மகன் தமிழ்வாணன் போன் பண்ணினான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆக அவரிடம் அவள் கடைசியாகச் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். நேற்றிலிருந்து அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

பாஞ்சாலி எழுந்தாள். பக்கத்தில் இருந்த செல்லம்மாள் புடவையைப் பிடித்தாள். செல்லம்மாள் அண்ணாதுரையின் அக்கா.

“எங்க போற? குந்து. ஜனம் வந்துகினு கீது. ஒம்போதரைக்குப் பொட்டிலேர்ந்து எட்த்து குளிப்பாட்டணும்றாங்க.”

“மணி இன்னா அண்ணி?”

“எட்டரை ஆவுது. உனுக்கு இன்னாத்துக்கு மணி?”

பாஞ்சாலி பெட்டியின் மேல் குனிந்தாள். கண்ணாடியின் சில்லிப்பில் பூக்கள் வாடாமல்தான் இருந்தன. ஆனால் கண்ணாடி வேர்த்து நான்கு பூக்கள் நனைந்துவிட்டன. ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே பார்த்தாள். நனைந்த பொடி ஒட்டாது. மாலையின் மேல் சாய்ந்திருந்த ஐந்தாவது பூ மட்டும் நனையாமல் இருந்தது. நடுத்தண்டைத் தொட்டதும் விரலில் மஞ்சளாக வந்தது. சுற்றியிருந்த பெண்கள் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அவள் அந்தப் பூவை எடுத்ததும் செல்லம்மாள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“பொணத்துக்கு வெச்ச பூவ எட்க்கக் கூடாது பாஞ்சாலி. வூட்டுக்கு ஆவாது. வெச்சிடு.”

கிம்மம்மா, விதை, பொடி, ஒன்பது மணி என்று எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? பாஞ்சாலிக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

“அண்ணி, ஸ்டாப்பிங்ல ஆள் நிக்குது.”

செல்லம்மாளின் பிடி விட்டது. சாவுக்கு வந்தவர்களைப் பஸ் ஸ்டாப்பில் நிற்க வைத்தார்கள் என்ற பேச்சு வந்தால் ஜென்மத்துக்கும் போகாது.

“யாரு, உங்கம்மா வூட்டு ஆளுங்களா? முன்னாடியே சொல்லக்கூடாதா? டேய் தமிழு, ஸ்டாப்பிங்ல யாரோ நிக்கிறாங்களாம். வண்டிய எட்த்துகினு போ.”

தமிழ்வாணன் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். அந்தக் களேபரத்தில் பாஞ்சாலி பூவோடு பின்பக்கம் போனாள்.

பெண் பூ இன்னும் விரிந்துதான் இருந்தது, இதழ் நுனிகள் மட்டும் உள்ளே மடங்கத் தொடங்கியிருந்தன. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஆண் பூவின் இதழ்களைப் பிய்த்தாள். இலைகள் குறுக்கே வந்தன. ஒரு கையால் இலையை விலக்கினால் பூவைப் பிடிக்க முடியவில்லை, பூவைப் பிடித்தால் இலை வந்து மூடிக்கொண்டது. முழங்கையெல்லாம் கீறியது. இந்த வேலைக்கு எப்போதும் நாலு கை இருந்திருக்கிறது என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது. தமிழ்வாணன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான்.

“ம்மா, ஸ்டாப்பிங்ல ஒருத்தருமே இல்லயே. யாரச் சொன்ன நீ?”

சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் கையில் இருந்ததையும் செடியையும் பார்த்து நின்றான். ஷிஃப்ட் முடிந்து வந்து அவன் படுத்துக் கிடந்த எத்தனையோ காலைகளில், அப்பாவின் அந்தக் குரல் அவன் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்து இலைகளை இரண்டு பக்கமும் விலக்கிப் பிடித்தான்.

பாஞ்சாலி தண்டைப் பூவுக்குள் விட்டு மூன்று பக்கமும் நிதானமாகத் தடவினாள். மிச்சப் பொடியை விரலில் எடுத்து வைத்தாள்.

“புடிக்குமாம்மா?”

“தெரியல. நாலு நாள் ஆவும் தெரிய.” அவள் பூவின் இதழ்களைச் சேர்த்து மூடினாள். “நேத்து காலைல எழுப்பி, சரிய்யா லீவு போடறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்டா. பாக்கலாம்னு சொன்னேன். அத கேட்டுகினேதான் உங்கப்பா போயிருக்காரு.”

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. பக்கெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே அழுதாள். தமிழ்வாணன் இலைகளை விடாமல் பிடித்தபடி தானும் அழுதான். வாசலில் பறைக்காரர்கள் அடிக்க ஆரம்பித்திருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

அண்ணாதுரையைக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, வாசலில் பாடை மேல் கிடத்தினார்கள். வாய்க்கரிசிக்குப் பாஞ்சாலியைக் கூப்பிட்டார்கள். செல்லம்மாள் அவள் கையில் அரிசியைக் கொட்டினாள். பாஞ்சாலி குனிந்து மூன்று தடவை அவர் வாயில் போட்டாள். ஓரத்தில் நின்ற நாலு அரிசியை விரலால் உள்ளே தள்ளினாள். அப்போது விரலில் மிச்சமிருந்த பூவின் பொடி அவர் நரைத்த மீசையில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டது.

“இன்னாது அது மீசையில?” என்று செல்லம்மாள் முந்தானையால் துடைக்கக் குனிந்தாள். பாஞ்சாலி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.