மொய் திரும்பாத விருந்து

கைபேசியை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டால் சத்தம் வெளியே வராது என்பது தர்மோயோவின் நம்பிக்கை. புதைத்த பிறகு பானையே அலறத் தொடங்கியது. அடுப்பில் சோயாத் தெம்பே பொரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி லஸ்மினி, கரண்டியும் கையுமாகப் பானையைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"யாருங்க அது, விடிஞ்சும் விடியாம?"

"ஆபீஸ் விஷயம்," என்றார். ஆபீஸ் என்று ஒன்று அவருக்கு இல்லாமல் போய் நாலைந்து மாதம் ஆகியிருந்தது.

மெலாத்திச் சந்தில் குடியிருக்கும் எங்களுக்கு அவர்தான் தெருத்தலைவர். சம்பளம் இல்லாத பதவி. ஆனால் ஒலிபெருக்கி உண்டு. யாரும் கேட்காத சாம்பல் நிறச் சீருடை ஒன்றை அவரே தைத்துக்கொண்டார். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஓர் அறிவுரை போடுவார். சிக்கனம், நேர்மை, சாக்கடையில் சோறு கொட்டாமை என்று மூன்று தலைப்புகள். மூன்றும் முறை வைத்து வரும்.

சிடோவார்ஜோ காலணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த காலத்தில் மகனுக்குச் சுன்னத்துக் கல்யாணம் நிச்சயித்தார். ஜாவாக்காரனுக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஊரில் நடந்த அத்தனை கல்யாணத்துக்கும் அவர் மொய் வைத்தவர். வைத்த மொய் திரும்பியே ஆகவேண்டும். திருப்பாதவன் சந்தில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஆகவே கைபேசியில் ஒரு கடன் செயலியைத் தட்டினார். பந்தல் வந்தது, மாடு வந்தது, டங்டுட் பாட்டுக்கு மேடையும் வந்தது. விருந்து முடிந்த மறுநாள் மொய்ப் பணத்தில் கடனை அடைத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்குவதாகத் திட்டம்.

கணக்கில் ஒரே ஓர் ஓட்டை. அவரிடம் மொய் வாங்கியிருந்தவர்கள் அத்தனை பேரும் அதே தொழிற்சாலை வாசலில் சம்பளம் வாங்குகிறவர்கள். பந்தல்கால் நட்ட வாரத்தில், கூலி குறைந்த ஊருக்குப் போகிறோம் என்று கம்பெனி கதவைச் சாத்தியது. அழைத்தாகிவிட்டது; பந்தலைப் பிரிக்க அவருடைய சீருடை சம்மதிக்கவில்லை. சந்து முழுவதும் வந்தது. வயிறாரச் சாப்பிட்டது, பாட்டுக்காரியோடு ஆடியது. விடைபெறும்போது கைகுலுக்கி உள்ளங்கையில் அழுத்திய உறைகள் மட்டும் மெலிந்திருந்தன. சிலர் உறைக்குப் பதில் ஒரு படி அரிசி கொண்டுவந்தார்கள். இப்போது கைபேசி புதைந்திருப்பது அந்த அரிசி வந்து விழுந்த பானையில்தான்.

முதல் செயலிக்கு வட்டி கட்ட இரண்டாவது, இரண்டாவதுக்காக மூன்றாவது. லஸ்மினிக்கு ஒன்றும் தெரியாது. மொய்யிலேயே கடன் தீர்ந்துவிட்டது என்று அவளிடம் சொல்லியிருந்தார். ஒவ்வொரு செயலியும் பணம் தருமுன் ஒன்றைத்தான் கேட்டது: உங்கள் கைபேசியில் இருக்கும் எண்களைப் பார்க்கலாமா? சந்தில் உள்ள எல்லார் எண்ணும், பள்ளிவாசல் இமாமின் எண்ணும், மைத்துனன்மார் எண்களும் அதில் இருந்தன. பெரிய மனதோடு ஒரே தட்டலில் அனுமதித்தார்.

கைபேசியைத் தோண்டி எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டுப் பேசினார். வசைபாடும் ஆண் குரல்கள் அவருக்குப் பழகியிருந்தன. இன்று ஒரு பெண் குரல், 'பாக்', அதாவது ஐயா என்று, மிகவும் மரியாதையாக.

"நல்லா இருக்கீங்களா பாக்? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? நாளைக்கு மதியத் தொழுகைக்குள்ள பணம் வரலேன்னா உங்க படம் எல்லாருக்கும் போயிடும். சுன்னத்துக் கல்யாணப் படந்தான். ரொம்ப அழகா இருக்கீங்க."

மாதிரிக்கு ஒன்று வந்தது. கறுப்புத் தொப்பி, வாடகைக் கோட்டு, பொன்னிற நாற்காலி. மார்பின் குறுக்கே சிவப்பு எழுத்தில் 'திருடன்'. தொட்டி நிரம்பி வழிந்து கால் நனைவதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

அந்தப் பயத்தில்தான் ஜாரோத் ஞாபகத்துக்கு வந்தான். மோட்டார் சைக்கிளில் திரிந்து வட்டிக்கு விடுகிறவன். உடனே தருவான், ஆனால் வீட்டுப் பத்திரம் வேண்டும். வீடு லஸ்மினியின் அப்பா கட்டியது, பத்திரம் அவள் பெயரில். நிலப்பதிவைப் புதுப்பிக்கிறார்கள், நாளைக்கு ஓர் ஆள் வருவார், கையெழுத்துப் போட்டுவிடு என்று அவளிடம் சொன்னார்.

"நீங்க சொன்னாச் சரிதான்," என்றாள் அவள்.

அந்த மூன்று சொல் குளியலறையில் கேட்ட குரலைவிட அவரைச் சுட்டது. ஆனாலும் நாளைக்கு வரச்சொல்லி ஜாரோத்துக்குச் செய்தி அனுப்பினார்.

மறுநாள் ஞாயிறு. சந்தே கூடிச் சாக்கடை வாரும் நாள். பணம் மதியத்துக்குள் வந்துவிடும் என்றாலும், எதற்கும் இருக்கட்டுமென்று தர்மோயோ ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு வந்தார். நாட்டைக் கெடுக்க ஒரு வைரஸ் கிளம்பியிருப்பதாகவும், தம் படத்தோடு ஏதாவது வந்தால் யாரும் திறக்கக்கூடாது என்றும், திறந்தால் பேட்டரி வெடிக்கும் என்றும் அறிவித்தார். சேற்றில் நின்றவர்கள் மண்வெட்டியில் சாய்ந்தபடி கேட்டார்கள்.

கடலைச் சட்னி ஊற்றிய பெசெல் காய்கறி விற்கும் ருமினி நிமிர்ந்தாள். தொழிற்சாலை வாசலில் கடை போட்டிருந்தவள். வாசலோடு வியாபாரமும் போயிற்று. போன மாதம் அவள் படம் இப்படித்தான் எல்லார் கைபேசிக்கும் வந்தது. அன்று மாலையே குழுவில் தர்மோயோ 'வரவறிந்து வாழ்' என்று மிக நீளமாக எழுதியிருந்தார்.

"போன மாசம் வந்த என் படமும் வைரஸ்தானா தலைவரே? அதைத் திறந்து பார்த்துட்டுத்தானே எனக்குப் பாடம் எடுத்தீங்க? உங்க பேட்டரி வெடிக்கலியே."

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். தர்மோயோ ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனார். மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. அந்த நேரம் பார்த்துச் சாக்கடையின் அந்தக் கோடியில் ஒரு கைபேசி முனகியது. அடுத்து இன்னொன்று. சட்டைப் பை, கால்சட்டைப் பை, சுவரில் தொங்கிய கூடை என்று வரிசையாக முனகல் அவரை நோக்கி நடந்து வந்தது. மதியத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. வாக்குத் தவறாதவர்களாக இருந்தால் செயலிக்காரர்கள் ஏன் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள்?

சேற்றுக் கையைத் துடைத்து எல்லாரும் பார்த்தார்கள். தர்மோயோ ஒலிபெருக்கியை இறக்கினார். சந்து முழுவதும் இனி என்ன சொல்லும் என்று காத்திருந்தார்.

"தொப்பி எடுப்பா இருக்கு," என்றாள் ருமினி. கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி மண்வெட்டியை எடுத்தாள். மற்றவர்களும் எடுத்தார்கள். பலர் முகத்தில் ஒரு வெளிறல். அடுத்தது தங்கள் படமாக இருக்கலாம் என்று தெரிந்தவர்களின் வெளிறல்.

"அவ்வளவுதான் பாக்," என்று ருமினியே தொடர்ந்தாள். " அந்தச் செயலிக்காரங்க கையில இருந்தது அந்த ஒரு படந்தான். அனுப்பியாச்சு. இனிமே அவங்க வெறும் கடன் குடுத்தவங்க, நீங்க வெறும் கடன் வாங்கினவர், உக்காந்து பேசலாம்." பிறகு சந்தின் முனையைத் தாடையால் காட்டினாள். "ஆனா உங்க வீட்டு வாசல்ல ஜாரோத் வண்டி நிக்குதே, அது எந்த வைரஸ்? எங்க அக்கா வீட்டை முழுங்கினவன் அவன்."

தர்மோயோ ஓடினார். ஒலிபெருக்கி சாக்கடையில் விழுந்தது; அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

முன்னறையில் ஜாரோத் தேநீரோடு உட்கார்ந்திருந்தான். லஸ்மினியின் ஒரு கையில் பேனா, மறு கையில் அவளுடைய கைபேசி. அவள் எண்ணும் அந்தப் பட்டியலில் இருந்ததை அவர் மறந்தே போயிருந்தார்.

"கையெழுத்துப் போடுங்க இபு, ஒரு நிமிஷ வேலைம்மா," என்றான் ஜாரோத்.

அவள் படத்தைக் கணவர் பக்கம் திருப்பினாள். "நிலப்பதிவா, இதுவா?"

வாழ்நாளில் முதல்முறையாக அவர் சுருக்கமாகப் பேசினார். "கடன். மூணு இடத்துல. பயந்துட்டேன்."

லஸ்மினி பேனாவை மூடினாள். "கடன்பட்டவனுக்கு வீடு போகணும்னு இல்லீங்க. கடனை வீட்டுக்கு மறைச்சவனுக்குத்தான் வீடு போகும். இருக்கிறது போதும்னு சொல்ல வெக்கப்பட்டு விருந்து வெச்சீங்க. இல்லைன்னு சொல்ல வெக்கப்பட்டு எங்கப்பன் வீட்டை அடகு வெக்க வந்துட்டீங்க."

ஜாரோத் எழுந்திருக்க, "டீயைக் குடிச்சிட்டே போங்க. அதுக்கு வட்டி வேண்டாம்," என்றாள்.

கடன் ஒரு ரூபியாகூடக் குறையவில்லை. அந்தி சாய்வதற்குள் பள்ளிவாசலிலும் மைத்துனன் வீடுகளிலும் இதுவே பேச்சாகிவிடும் என்பது இருவருக்கும் தெரியும். காலையில் அவர் மறுபடி புதைத்துவிட்டுப் போன கைபேசி சமையலறைப் பானைக்குள் அலறியது. தர்மோயோ பழக்கத்தில் குளியலறைப் பக்கம் திரும்பினார்.

லஸ்மினி போய் அரிசிக்குள் கையைவிட்டு எடுத்து, ஒட்டிய மணிகளைத் தட்டிவிட்டுக் காதில் வைத்தாள்.

"இருக்கார். நானும் பக்கத்துலதான் இருக்கேன். மாசம் எவ்வளவு கட்ட முடியும்னு சொல்வார், கேட்டுக்கோங்க," என்று சொல்லி அவரிடம் நீட்டினாள்.