எண்பதுக்குக் கீழே நகர முடியாத டத்தோ

மணிக்கு எண்பது கிலோமீட்டருக்குக் கீழே டத்தோ பட்டம் வாங்கிய முதலாளி விநாயகமூர்த்தியை நகரவிடக் கூடாது என்று காற்று முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பிரிக்ஃபீல்ட்ஸ் ஹோட்டல் ஒன்றில் பத்திரிகைக்காரர்களிடம் பேசி முடித்து, வாசலை நோக்கி ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. மூச்சும் முட்டியது. நான்கு பேர் முதுகில் கை வைத்துத் தள்ளிப் பார்த்தார்கள். சேற்றில் புதைந்த லோரியே தேவலை. கடைசியில் கயிறு கட்டி இழுத்து, சிறு விமானம் செய்யும் அவருடைய கம்பெனியின் லோரியில் ஏற்றினார்கள். லோரி நெடுஞ்சாலையில் எண்பதைத் தொட்ட பிறகுதான் மனிதர் காலை இறக்கிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

அன்று அவர் பேசியது இவ்வளவுதான்: "பிளேன் விழுந்ததுக்கு பைலட்தான் காரணம். ஸ்பீடை ரொம்பக் குறைச்சிட்டாரு." அடப்பாவி! வேகத்தைக் குறைக்காமல் எப்படித் தரையிறங்குவதாம்? ஆகாயத்திலேயே குடும்பம் நடத்துவதா? செத்துப்போன பைலட் ஜெயந்திரனின் அக்கா ஜனகா அதே கம்பெனியில் பொறியாளர். அந்தச் சிறு விமானத்தின் இறக்கையைக் காற்று எவ்வளவு பின்னுக்கு இழுக்கும் என்று கணக்குப் போட்டவளே அவள்தான்.

விமானம் பறப்பதற்கு முன்பு, காற்றுச் சோதனைக் கூடத்தை வாடகைக்கு எடுக்க டத்தோவுக்கு மனம் வரவில்லை. இறக்கையின் ஒரு துண்டை லோரிக் கூரையில் பொருத்தி, போர்ட் கிள்ளான் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். இறக்கை தடிமனானது. வேகமாகப் போனால் காற்று அதன் முதுகை ஒட்டியே வழுக்கிப் போய்விடும். மெதுவாகப் போனால் பாதி முதுகிலேயே பிரிந்து, பின்னால் சுழன்று, இறக்கையைப் பிடித்து இழுக்கும். ஆகவே வேகத்துக்கு வேகம் கணக்கு மாறும். எண்பதுக்குக் கீழே இழுவை நினைத்ததைவிட மூன்று மடங்கு என்று ஜனகா தெளிவாகச் சொன்னாள். மறுநாளே லோரி ஓட்டுநர் ரெங்கசாமி வந்தார். "இனிமே ஸ்லோவா ஓட்ட வேணாம்னு டத்தோ சொல்லிட்டாரும்மா. ஃபாஸ்டா ஓடுனாதான் நம்பர் அழகா வருதாம்." ஜனகா டத்தோவின் அறைக்கே போய்க் கத்தினாள். வேறு இறக்கை மாட்டுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். மாட்டியாயிற்று என்று ஜெயந்திரனின் கையைக் குலுக்கிச் சொன்னார். அவனும் நம்பி ஏறினான்.

டத்தோ அதன் பின் லோரியிலேயே சாப்பிட்டார், தூங்கினார், தீபாவளி கொண்டாடினார். ஓட்டுநர் மாறவும் எண்ணெய் ஊற்றவும் வண்டி நிற்கும்போது, குளத்தில் முங்குகிறவர் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டார். ஜாம் வந்தால் அவசரப் பாதையைத் திறந்துவிட்டார்கள். ஜெயந்திரனை ஏற்றிய ஆம்புலன்ஸ் அதே சாலையில் அசையாமல் நின்றதே, அன்றைக்கு இந்தப் பாதை எங்கே போயிற்று?

இரண்டாம் வருடம், பண்டமாரானில் ஓட்டுநர் மாறிய நேரத்தில் ஜனகா லோரியில் ஏறினாள். வண்டி வேகம் பிடித்ததும் பதிவைத் தட்டிவிட்டுக் கைப்பேசியை டத்தோவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"உண்மையைச் சொல்லுங்க."

"சொன்னா கம்பெனிய மூடிடுவாங்க லா, ஜனகா."

"ரெங்கசாமி அண்ணே, மெதுவாப் போங்க."

எழுபதில் டத்தோவின் கழுத்து இறுகியது. ஐம்பதில் விழி பிதுங்கியது. நாற்பதில், இறக்கையை மாற்றவில்லை, பையன்மேல் தப்பே இல்லை, கணக்கை மறைத்தது நான்தான் என்று முனகினார். வண்டி நின்றது. இனியாவது காற்று விடுமா என்று இருவரும் பார்த்தார்கள். டத்தோ காலைத் தூக்கப் பார்த்தார், காற்று விடவில்லை.

"அதான் சொல்லிட்டாருல்ல," என்றார் ரெங்கசாமி. "போதும்மா, விட்டுடும்மா."

"நானா புடிச்சு வச்சிருக்கேன்? காத்துகிட்ட கேளுங்க. என் தம்பியும் கீழ இறங்கணும்னுதான் பாத்தான்."

கதவை ஓங்கிச் சாத்திவிட்டு நடந்தாள். டத்தோவின் முகம் நீலம் பாரிக்கவே ரெங்கசாமி வண்டியைக் கிளப்பினார். அந்த மாதமே ஜெயந்திரன்மேல் இருந்த பழி நீங்கியது. பத்திரிகையில் ஒரு மூலையில் போட்டார்கள். கம்பெனியையும் மூடினார்கள். லோரி இன்றும் கிள்ளானுக்கும் செமினிக்கும் நடுவே ஓடுகிறது. பின்னால் அது வருவது தெரிந்தால் மற்ற வண்டிகள் ஒதுங்கி வழிவிடுகின்றன. பிள்ளைகள்கூட இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை.