அன்னதானப் பந்தல் இல்லாத காடு

என் வீட்டுக்காரர் ராஜமுருகனுக்கு இரண்டு வியாதி. ஒன்று சர்க்கரை. இன்னொன்று, வத்தலக்குண்டிலிருந்து பழனிக்குப் பதினேழு தடவை பாதயாத்திரை போன பெருமை. முதலாவதுக்கு மாத்திரை உண்டு.

மலைமேல் செண்பகனூரில் இருக்கும் என் தங்கை தாரணி வீட்டுக்குப் போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே எழுந்தவர், "மலைக்கு அந்தப் பக்கம் எறங்குனா பழனி. நான் காட்டு வழியா நடந்தே போறேன். நீ பஸ்ல வா சுந்தரி, யாரு முதல்ல போறோம்னு பாப்போம்," என்றார்.

பக்கத்து வீட்டு அப்பாஸ் ஜீப் ஓட்டுகிறவர், பிறந்ததே இந்த மலையில்தான். "அண்ணே, தனியாப் போகாதீங்க. பாதையெல்லாம் மூடிக் கெடக்கு. காட்டுமாடு வேற திரியுது," என்றார்.

"பதினேழு தடவை நடந்த காலு பாய் இது," என்று வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டினார் இவர். மாட்டுச்சந்தையில் நிற்கிற நினைப்பு.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பியும்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறேன், நான் கட்டிவைத்த இட்லிப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் அடுப்படியிலேயே கிடக்கின்றன. தலையில் அடித்துக்கொண்டேன். பாதயாத்திரையில் இந்த மனுஷன் ஒருநாளும் எதையும் சுமந்ததில்லை. திரும்பின பக்கமெல்லாம் அன்னதானப் பந்தல். பொங்கல், மோர், காலுக்குத் தைலம்கூடத் தேய்த்துவிடுவார்கள். கையை நீட்டினால் போதும். காட்டில் கையை நீட்டினால் அட்டைதான் ஏறும்.

பதினோரு மணிக்குப் போன் வந்தது. "சுந்தரி... இங்க ஒரு பந்தலையும் காணோமேடி..."

முதலில் கேலி என்றுதான் நினைத்தேன். ஆனால் நாக்குக் குழறியது. அதோடு லைன் போய்விட்டது. வெறும் வயிற்றில் மாத்திரை, சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது. போன வருஷம் எங்கள் கடையில் இப்படித்தான் விழுந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்றார் டாக்டர்.

தாரணி வீட்டிலிருந்த பஞ்சாமிர்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் போன காட்டுப் பாதையில் ஜீப் போகிற மட்டும் அப்பாஸ் கொண்டுபோனார், அப்புறம் இறங்கி நடந்தோம். "ஏங்க! ஏங்க!" என்று கத்திக் கத்தி என் தொண்டை போய்விட்டது. பதிலே இல்லை. அழுகை வந்தது. ஆள் கிடைத்தால் நாலு அறை விட வேண்டும் போலவும் வந்தது.

அப்பாஸ் நின்றார். "அக்கா, பழனிக்கு நடக்கையில என்ன சொல்லிக் கத்துவாங்க?"

சொன்னேன். இரண்டு கையையும் வாயருகே குவித்து, காடே அதிரும்படி கத்தினார்: "வெற்றிவேல் முருகனுக்கு!"

கீழே பள்ளத்திலிருந்து ஈனக்குரலில் பதினேழு வருஷப் பழக்கம் பதில் சொன்னது: "அரோகரா..."

மரத்தடியில் வியர்த்துச் சரிந்து கிடந்தார். கண் திறக்கவில்லை. பஞ்சாமிர்தத்தை விரலில் எடுத்துக் கன்னத்துக்குள் தடவினேன். பாவி மனுஷன், ரத்தம் வரக் கடித்துவிட்டார். கடிக்கிறாரே, உயிர் இருக்கிறதே என்று ஓவென்று அழுதேன். கால் மணி நேரத்தில் கண்ணைத் திறந்து, "இது யாரு பந்தல்?" என்றார்.

பத்தே நாள்தான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "காட்டுக்குள்ள முருகனே வந்து எனக்கு ஊட்டிவிட்டான்," என்று அளக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் போய் விரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "உங்க முருகனோட விரல் இதுதானான்னு பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. விரலைப் பிடித்துப் பல் பதிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டார்: "நீ சாப்பிட்டியா?"