திரும்பும் நேரம்: மூன்று

கொட்டகையில் உருளைக்கிழங்கு எடுக்கக் குனிந்த லொரைன், நெவிலின் சைக்கிளில் கை உரசியதும் சுருக்கென்று இழுத்துக்கொண்டாள். ஆணி. டயர் முழுக்கச் சின்னச் சின்ன எஃகு ஆணிகள். உறைபனியில் வழுக்காமலிருக்க மாட்டுகிற டயர் அது, போன மார்ச்சிலிருந்து சாக்கில் சுற்றிப் பரணில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கே சவாரி என்று முந்தாநாள்தான் அவனிடம் கேட்டிருந்தாள். "கீழ் வழிதான், ஆத்தோரமா. கொஞ்சம் சேறா இருக்கும், அவ்ளோதான்" என்று பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னான். சேற்றில் ஓட்டுவதற்கு எவனாவது ஆணி டயர் மாட்டுவானா? லொரைன் கிழங்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒன்றும் கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவள் கற்றுக்கொண்டது, நெவிலிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிடக் கேட்காமல் இருந்து தெரிந்துகொள்வதே அதிகம் என்பதுதான்.

அப்புறம் கண்ணில் பட்டதெல்லாம் சாட்சியாகிவிட்டது. நெற்றி விளக்குக்குப் புது பேட்டரி. கீழ் வழிக்கு ஒரு பிளாஸ்க் போதும், அலமாரியில் இரண்டு கழுவிக் கவிழ்த்திருந்தன. மலை வரைபடம் அதன் உறையில் எப்போதும் ஆற்றுப் பக்கம் வெளியே தெரிய மடிந்திருக்கும், இப்போது முகட்டுப் பக்கம் வெளியே இருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து வழிச்சீட்டை ஒட்டியிருந்தான். குளிர்காலத்தில் மலைப்பக்கம் போகிற யாரும் வீட்டில் விட்டுப் போகிற சீட்டு அது. போகிறவர் பெயர், போகும் வழி, திரும்பும் நேரம், எத்தனை மணிக்கு மேல் மீட்புக் குழுவைக் கூப்பிடுவது. 'நெவில், கிளைவ். கீழ் வழி. திரும்பும் நேரம்: ஐந்து' என்று எழுதியிருந்தது. கீழ் வழி இரண்டரை மணி நேரம். ஜனவரியில் நாலு மணிக்கே இருட்டிவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே அதட்டிப் பார்த்தாள். ஆனாலும் அந்த ஐந்து அவளை உறுத்தியது.

அந்த ஐந்துக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் நெவில் இப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகட்டுக்குப் போனான். சீட்டில் மூன்று மணி. மத்தியானத்துக்கு மேல் மலைமேல் வெள்ளைத் தொப்பி மாதிரி மேகம் உட்கார்ந்தது. ஹெல்ம் காற்று வரப்போகிறது என்று பள்ளத்தாக்கில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். வந்தால் ரயில் போகிற இரைச்சலோடு சரிவில் இறங்கும், ஆட்டைத் தூக்கிப் போடும். லொரைன் நாலு மணி வரை பொறுத்தாள், நாலு பத்துக்கு மீட்புக் குழுவுக்குப் போன் செய்தாள். பதினாலு பேர், எல்லாரும் சம்பளமில்லாத தொண்டர்கள், ஞாயிற்றுக்கிழமை வறுத்த மாட்டிறைச்சியைத் தட்டில் ஆற விட்டுவிட்டு வந்தார்கள். அவர்கள் வாசலில் நின்று பூட்ஸ் நாடாவை இறுக்கிக்கொண்டிருக்கும்போதே நெவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். பங்க்சராம். லொரைன்தான் கதவைத் திறந்து ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். அன்று அவள் கவனித்த ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஊரில் அவள் பெயர் சைரன். நெவில் பப்பில் கழிப்பறைக்குப் போனால்கூட, "அஞ்சு நிமிஷமாச்சு லொரைன், பதினாலு பேரையும் கூப்பிடட்டுமா?" என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்றிலிருந்து நெவில் சீட்டில் உண்மையான நேரத்தோடு இரண்டு மணி நேரம் கூட்டி எழுத ஆரம்பித்தான். அது தெரிந்து அவள் மனசுக்குள் இரண்டைக் கழித்தாள். கழிக்கிறாள் என்று தெரிந்து அவன் சில நாள் இரண்டரை கூட்டினான். இரண்டு வருஷமாக இந்த வீட்டில் கடிகாரத்தை யாரும் நம்பவில்லை.

வியாழன் சாயங்காலம் கிளைவ் வந்தான். ஜிப்சம் சுரங்கத்தில் நெவிலோடு இருபது வருஷம் வேலை பார்த்தவன், அவனைவிட ஒரு சுற்றுப் பெரிய உடம்பு. சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்து நாலு மூலையிலும் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு இருவரும் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி தலையை முட்டிக்கொண்டார்கள். பக்கத்து அறையில் துணி மடிக்கிற சாக்கில் லொரைன் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"காத்து வடகிழக்குன்னு போட்டுருக்கான். மேல நாப்பது மைல் வேகம். உன் எடைக்கு நீ நிப்ப, நான் பறந்துருவேன்" என்றான் நெவில்.

"பறந்தா நேரா உன் வீட்டுக் கூரைலதான் விழுவ. லொரைனுக்குப் போன் செலவு மிச்சம்."

"மெதுவாப் பேசுடா."

லொரைன் பிஸ்கட் தட்டோடு உள்ளே வந்தாள். பென்சில் முகட்டிலிருந்து வழுக்கி ஆற்றங்கரையில் வந்து நின்றது. கிளைவ் திடீரென்று பாலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான், பாலத்துக்குப் பக்கத்தில் சேறு எப்படி இருக்கும் என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், அதுவும் ஒரு கரண்டிச் சோற்றில். "சேறா? நல்லா ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டை வைத்தாள்.

மறுநாள் நெவில் ரொட்டி வாங்கப் போன நேரத்தில் வரைபட உறையைத் துழாவினாள். இரண்டாவது சீட்டு அதில்தான் இருந்தது. அதே கையெழுத்து. முகட்டு வழி, மலைக்குடில், கிழக்குச் சரிவு, எல்லாம் ஒழுங்காக இருந்தது. திரும்பும் நேரம் மூன்று. மேலே 'மார்ஜரிக்கு' என்று எழுதி அடியில் கோடு வேறு போட்டிருந்தான். மார்ஜரி கிளைவின் மனைவி. இடி விழுந்தாலும் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுகிற ஆள். ஒரு நிமிஷம் லொரைனின் புத்தி போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போய்வந்தது. போய்வந்த பிறகு புரிந்தது அதைவிடக் கசப்பாக இருந்தது. அவன் செத்துக்கிடந்தால் எங்கே தேடுவது என்பது மார்ஜரிக்குத் தெரிந்திருக்கும். பெண்டாட்டி ஆற்றங்கரையைக் காட்டிக்கொண்டு நிற்பாள். பதினாலு பேரும் அவள் பேச்சைக் கேட்டுச் சேற்றில் தேடுவார்கள். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

ரொட்டியோடு வந்தவன் முன்னால் சீட்டை வைத்தாள்.

"இது மார்ஜரிக்கு. அப்ப எனக்கு?"

நெவில் அனிச்சையாகக் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தான். அப்புறம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"உண்மைய எழுதிக் குடுத்தா ரெண்டு மணிக்கே நீ போனக் கையில எடுத்துருவ, லொரைன். பதினாலு பேரு. எனக்கு எவ்ளோ அசிங்கமாப் போச்சு தெரியுமா?"

"அசிங்கம் உனக்கா?" அவள் குரல் உயரவில்லை. "அன்னிக்கு உன் கை சுத்தமா இருந்துச்சு, நெவில்."

"என்ன?"

"பங்க்சர் ஒட்டின கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? கிரீஸு, கரி, நகக்கண்ணெல்லாம் கறுப்பு. சோப்பெல்லாம் நாசமாக்கிட்டுத்தான் வெளிய வருவ. அன்னிக்கு நான் வாசல்ல நின்னு மன்னிப்பு கேட்டுட்டிருக்கேன், நீ பின்னால நின்னு எல்லாருக்கும் கை குடுக்குற. வெள்ளை வெளேர்னு. வாயில பீர் வாசனை. எந்த ஊரு பப்புல ஒதுங்கின?"

ரொட்டி இன்னும் அவன் மடியில் இருந்தது. அதன் தாளை அவன் மடித்தான், பிரித்தான், திரும்பவும் மடித்தான்.

"மலைக்கு அந்தப் பக்கம்" என்றான் கடைசியில். "குளிரு. ஒண்ணு குடிச்சேன். அப்புறம் இன்னொண்ணு... ரெண்டு வருஷமாவா தெரியும்?"

"ரெண்டு வருஷமா சைரன்னு கூப்பிட விட்டியே."

"போகாம இருக்க முடியாதா?" என்றும் கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரியும். இந்தக் குளிரில் மேலே சதுப்பு முழுக்கக் கல்லாக உறைந்திருக்கும். மற்ற நாளில் சக்கரம் அச்சு வரை புதையும் இடத்தில் ரோடு மாதிரி ஓட்டலாம். வருஷத்தில் இரண்டு நாள் அப்படிக் கிடைத்தால் அதிகம், அவனுக்கு வயது அறுபத்திரண்டு. அன்று மாலை அவள் கண்முன்னால் புதுச் சீட்டு எழுதினான். முகட்டு வழி. திரும்பும் நேரம்: மூன்று. நாலு மணிக்கு மேல் ஆனால் போன். மார்ஜரியின் சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டான். "கூட்டல் கழித்தல் எதுவும் இல்ல" என்றான்.

ஞாயிறு விடிகாலையில் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. ஒரு மணிக்கு முகட்டின் மேல் தொப்பி உட்கார்ந்தது. இரண்டு மணிக்கு இரைச்சல் ஆரம்பித்தது. மூன்று மணி ஆனபோது லொரைன் பழக்கதோஷத்தில் கழிக்கப் பார்த்தாள், கழிக்க எதுவும் இல்லை. பொய் நேரத்தில் கொஞ்சம் இடமிருந்தது, இத்தனை நாள் அதில்தான் அவள் குடியிருந்திருக்கிறாள். இந்த மூன்று வெறும் மூன்றாகவே நின்றது. இதுவும் பொய்யாக இருக்கக்கூடாதா என்று ஒரு ஆசை வந்தது.

மூன்று இருபதுக்குப் போன் அடித்தது. மார்ஜரி.

"இந்தத் தடவ எங்கிட்ட சீட்டு இல்ல, லொரைன். உங்கிட்டதான் இருக்குன்னாரு. எத்தனை மணின்னு போட்டுருக்கு?" தேநீர் குடித்து முடிக்கிற மார்ஜரியின் குரல் நடுங்கியது.

"மூணு."

இரண்டு வீட்டு ஜன்னலையும் அடிக்கிற காற்று மட்டும் போனில் கேட்டது.

மூன்று நாற்பதுக்கு லொரைன் வெட்கத்தை விட்டு மலைக்கு அந்தப் பக்கத்து பப்புக்குப் போன் செய்தாள். அங்கேயும் அவள் பெயர் எட்டியிருந்தது. "யாரு, சைரனா? இன்னிக்கும் பதினாலு பேரா?" என்றான் ஒருவன், பின்னால் சிரிப்பு. "இங்க வரலம்மா. காலையிலேர்ந்து யாருமே மேலேர்ந்து இறங்கல." அவன் அங்கே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். மூன்றாவது கிளாஸாக இருந்தாலும் பரவாயில்லை.

சரியாக நாலு மணிக்கு மீட்புக் குழுவைக் கூப்பிட்டாள். ஒரு நிமிஷம் முன்னால் இல்லை, பின்னால் இல்லை. சீட்டைக் கையில் வைத்து வரி வரியாகப் படித்தாள். மறுமுனையில் இருந்த பெண், "வழி தெளிவா இருக்கு, நல்லது" என்றாள்.

நாலு இருபதுக்குப் பின்பக்கக் கேட் முனகியது. காற்றாகவும் இருக்கலாம். அப்புறம் கொட்டகைச் சுவரில் சைக்கிள் சாய்கிற சத்தம். நெவில் சமையலறைக்குள் வந்து நின்றான். புருவத்தில் பனி ஒட்டியிருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. பேச முயன்றான், தாடை ஒத்துழைக்கவில்லை. "கிளைவ... அவன் வீட்ல விட்டுட்டேன்" என்பது மட்டும் வந்தது.

லொரைன் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் கையைத்தான் பார்த்தாள். மணிக்கட்டு வரை கறுப்பு. நகக்கண்ணில், விரலிடுக்கில், வெடிப்பில் எல்லாம் கிரீஸ். ஒரு கட்டைவிரலில் ரத்தம் கறுப்போடு சேர்ந்து உறைந்திருந்தது.

அதே நேரம் தெருப்பக்க ஜன்னலில் நீல வெளிச்சம் சுற்றியது. மீட்புக் குழுவின் லேண்ட்ரோவர் நின்றது, கதவுகள் திறந்தன. பூட்ஸ் சத்தம், அதில் யாரோ ஏதோ சொல்ல யாரோ சிரித்தார்கள். லொரைன் ஏப்ரனை அவிழ்த்துவிட்டு வாசலுக்குப் போகக் காலெடுத்தாள். என்ன சொல்லவேண்டும் என்று அவளுக்கு மனப்பாடம்.

நெவில் அவளைத் தாண்டிக்கொண்டு போனான். ஆணி வைத்த காலணி தரையில் கிறீச்சிட்டது. விறைத்த விரலுக்குப் பிடி நழுவியது, உள்ளங்கையைக் கதவில் ஊன்றி இன்னொரு கையால் தாழை இழுத்தான். கதவு திறந்ததும் காற்றின் இரைச்சலில் அவன் என்ன சொன்னான் என்று அவளுக்குக் கேட்கவில்லை. வெளியே சிரிப்பு நின்றிருந்தது. கதவின் வெள்ளைப் பெயின்ட்டில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன, நீல வெளிச்சம் அதன்மேல் வந்து வந்து போனது.