மண்வெட்டி பிடித்தவர் பேசலாம்

பாறை குறுக்கிட்டதால் குழி இடுப்பளவுகூட ஆகவில்லை. அதற்குள் கல்லூரித் தலைவர் விட்காம் பேச்சுத்தாளோடு வந்து நின்றுவிட்டார். கூடவே டீன், பாதிரியார், ஒரு புகைப்படக்காரர். சக மாணவர்களோடு குழி வெட்டிக்கொண்டிருந்த ரெட்டாவின் கண்ணில் முதலில் பட்டது அவருடைய பளபளக்கும் காலணிகள்தான்.

கென்டக்கி மலையில் இருந்த அந்தக் கல்லூரியில் யாரும் கட்டணம் கட்டுவதில்லை. படிக்கிறவர்கள் உழைத்துக் கழிக்கிறார்கள். சமையல், சலவை, பன்றிக்கொட்டில், யாராவது செத்தால் குழி, எல்லாம் அவர்கள் பாடு. இறந்தது ரெட்டாவின் அப்பா ஹோபர்ட். முப்பத்தோரு வருஷம் அந்தக் கொட்டிலைப் பார்த்துக்கொண்டவர். உழைப்பே பெருமை என்று வருஷாவருஷம் மேடையில் முழங்கும் விட்காம் அந்தப் பக்கம் வந்தது ஒரே தடவை, மூக்கில் கைக்குட்டையோடு.

"அந்த ஆள மட்டும் என் பொணத்துகிட்ட நின்னு பேச விட்டுடாத" என்று அப்பா கடைசியாகச் சொல்லியிருந்தார். ரெட்டாவும் சரி என்றிருந்தாள். ஆனால் மே மாதம் அவளுக்குப் பட்டம். அதில் கையெழுத்துப் போடுகிறவர் விட்காம்.

அவர் தொண்டையைச் செருமினார். "ஹோபர்ட் நம்ம குடும்பத்துல ஒருத்தர்..."

"சார்," என்றாள் ரெட்டா. "கொட்டில்ல அப்பா ஒரு சட்டம் வச்சிருந்தாரு. மண்வெட்டி பிடிக்காதவன் வாயத் தொறக்கக் கூடாது. குழி இன்னும் பாதி இருக்கு."

அப்பாவின் மண்வெட்டியை மேலே நீட்டினாள்.

கேமரா இருந்ததால் விட்காம் சிரித்தார். கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இறங்கினார். நாலே வெட்டு. புகைப்படக்காரர் போதும் என்று தலையசைத்ததும் மண்வெட்டி டீனிடம் போனது. டீனுக்கு முதுகுவலி. பாதிரியாருக்கு அங்கி அழுக்காகிவிடும். அது கைமாறிக் கைமாறி ரெட்டாவிடமே திரும்பி வந்தது. அத்தனை பெரிய பெருமை, வாங்கிக்கொள்ளத்தான் ஒருவருக்கும் மனசில்லை.

"நான்தான் வெட்டிட்டேனேம்மா, இப்ப பேசலாமில்ல?" என்று கேட்டார் விட்காம்.

"ஆழம் வரட்டும் சார்."

ஆழம் வர ஒரு மணி நேரம் ஆனது. பெட்டியை இறக்கி மண்ணைத் தள்ளி முடிக்கவும், கொட்டிலில் பன்றிகள் தீனிக்குக் கத்தத் தொடங்கின. மாணவர்கள் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு அந்தப் பக்கம் நடந்தார்கள். ஹோபர்ட் பழக்கிய பழக்கம். விட்காம் தாளைப் பிரித்தபோது எதிரில் அவர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. மடித்து வைத்துவிட்டு, உள்ளங்கையில் எழும்பியிருந்த கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரெட்டா கொட்டில் குழாயடியில் மண்வெட்டியைக் கழுவித் துடைத்து, அப்பாவின் ஆணியில் மாட்டினாள். பிறகு எடுத்து, விட்காம் பிடித்த பிடியை இன்னொரு தடவை கழுவினாள்.