மாதாவுக்கு சூசானின் முகம்

கோயில் பீடத்துக்கு வரைந்த விண்ணேறும் மாதாவுக்கு ஓவியன் ஜெதெயோன் தன் இறந்துபோன மனைவி சூசானின் முகத்தை வைத்துவிட்டான். அவன் சீர்திருத்தச் சபைக்காரன், புராட்டஸ்டண்ட். மாதாவை வணங்குவது அவனுக்குப் பாவம், வரைவது பிழைப்பு. மோன்பெலியே நகரத்துக் கத்தோலிக்கர்களும் ஆள் யாரென்று தெரிந்தேதான் வேலை கொடுத்தார்கள். ஆனால் இந்த முகம் பிழைப்புக்காக வைத்ததல்ல. அவன் சபையில் இறந்தவர்களுக்கு ஜெபமில்லை, குழிமேட்டில் ஒரு பெயர்கூட இல்லை. சூசானைப் பொழுது சாய்ந்த பிறகு சத்தமில்லாமல் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தான். அழுவதற்கு ஓர் இடம் வேண்டாமா மனிதனுக்கு?

படம் பீடத்தில் ஏறிய அன்று மகள் ஜூதித் அடம்பிடித்தாள். "ஒரே ஒரு தடவப்பா. அம்மாவப் பாத்துட்டு ஓடி வந்துடலாம்."

ஏழு வயதான பிள்ளை தானே ராஜாவின் கத்தோலிக்க மதத்துக்கு மாறலாம், பெற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது என்று அப்போதுதான் அரசாணை வந்திருந்தது. ஜூதித்துக்கு ஏழு முடிந்திருந்தது. தெரிந்தும் கூட்டிக்கொண்டு போனான், புத்திகெட்டவன்.

படத்தைப் பார்த்ததும் அவள், பக்கத்துப் பெண்களைப் போலவே முழங்காலிட்டுக் கைகூப்பினாள்.

பங்குச் சாமியார் குனிந்து படத்தைக் காட்டினார். "இவங்ககிட்டயே இருந்துடுறியா, கண்ணு?"

"ம், இருக்கேன்."

"கேட்டீரா, ஓவியரே? பிள்ள தானா சொல்லிடுச்சு. இத்தன பேர் சாட்சி."

"சாமி, அது அவ அம்மா மூஞ்சி! நாந்தான் வரைஞ்சேன்!"

"பீடத்துல உம்ம பொண்டாட்டியா? வெளிய சொல்லிடாதேயும். படத்தையும் கிழிப்பாங்க, உம்மையும் சும்மா விடமாட்டாங்க."

பிள்ளையைக் கன்னியர் மடத்தில் வைத்துக்கொண்டார்கள். சில நாள் கழித்து மடத்துத் தலைவி இரக்கப்பட்டு அவனைக் கம்பிக்கதவுவரை விட்டாள். "ஞாயித்துக்கிழமதான் மதம் மாறுற சத்தியம் வாங்குவாங்க. அதுக்குள்ள, தெரியாம சொல்லிட்டேன்னு அவ வாயால சொல்லட்டும். நான் கூட்டி அனுப்புறேன்."

ஜூதித் ஓடிவந்தாள். "அப்பா! தினமும் அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறாங்க. நீங்க ஏன் வரல?"

அது உன் அம்மா இல்லை, வெறும் எண்ணெயும் சாயமும்தான் என்று சொன்னால் போதும், பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். அதைச் சொல்லத்தான் வந்திருந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான். சூசான் போனதிலிருந்து அந்த முகம் இப்படிச் சிரித்ததில்லை.



"அம்மா எப்படிம்மா இருக்கா?" என்று கேட்டான்.